பழைய பொட்டிக்கு ஒரு சான்ஸ் குடுங்க (பழைய டிஸ்கைத் தூக்கிப் போடாதீங்க)

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிட்டிருந்த விஷயம். ஆபீஸ்ல ஆணி அதிகமா இருந்ததால தள்ளிக்கிட்டே போச்சு. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் நல்லா ஓடிக்கிட்டிருந்த லேப்டாப்பை "ஸ்லோவா இருக்கு சார்"னு பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டதைப் பார்த்ததும் மனசு கேக்கலை. அதான் இந்தப் பதிவு.

நம்ம வீட்டுப் பொட்டி 2013-ல வாங்கினது. ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். வாங்கின புதுசுல குதிரை மாதிரி ஓடுச்சு. 2023 வாக்குல அதை ஆன் பண்ணிட்டு, அடுப்புல பாலை வச்சு, காபி கலந்து, குடிச்சிட்டு வந்து உக்காந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். தங்கமணி தீர்ப்பே சொல்லிட்டாங்க. "ஏங்க, இதைத் தலைய சுத்தித் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க." கடைக்காரரும் அதையேதான் சொன்னார். "சார், இதெல்லாம் ரொம்பப் பழசு. 40,000-க்குள்ள நல்லதா ஒண்ணு பண்ணித் தரேன்."

நான் வாங்கலை. ரெண்டாயிரத்துக்குள்ள ஒரு 240 ஜிபி எஸ்.எஸ்.டி. வாங்கி மாட்டினேன். பொட்டி அரை நிமிஷத்துக்குள்ள எழுந்து நின்னுச்சு. இன்னிக்கும் இந்தப் பதிவை அதுலதான் தட்டிக்கிட்டிருக்கேன்.

இது மேஜிக் இல்லை மக்களே, சாதாரண கணக்குதான். ஹார்டு டிஸ்க்குள்ள ஒரு தட்டு நிமிஷத்துக்கு 7,200 தடவை சுத்துது. கேக்க வேகமாத்தான் இருக்கும். ஆனா ஒரு சுத்துக்கு 8.3 மில்லி செகண்டு ஆகுது. நமக்கு வேண்டிய தகவல் முள்ளுக்கு நேரா வர்றதுக்கு சராசரியா அதுல பாதி நேரம் காத்திருக்கணும். முள்ளு சரியான இடத்துக்கு நகர்றதுக்கு இன்னொரு எட்டு ஒன்பது மில்லி செகண்டு. ஆக ஒரு துண்டு தகவலை எடுக்க 12, 13 மில்லி செகண்டு. ஒரு செகண்டுக்கு எண்பது துண்டு எடுத்தா பெரிய விஷயம். திருவிழா ராட்டினத்துல நம்ம பெட்டி கீழ வர்ற வரைக்கும் நிக்கிற மாதிரிதான்.

விண்டோஸ் எழுந்திரிக்கும்போது ஒரே பெரிய ஃபைலைப் படிக்கறதில்லை. அங்கங்க சிதறிக் கிடக்கிற ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளைப் பொறுக்குது. 5,000 துண்டுன்னு வச்சுக்கிட்டாலே ஒரு நிமிஷத்துக்கு மேல ஓடிரும். எஸ்.எஸ்.டி.யில சுத்தறதும் இல்லை, நகர்றதும் இல்லை. எல்லாம் சில்லு. ஒரு துண்டுக்கு 0.1 மில்லி செகண்டு போதும். அதே 5,000 துண்டு அரை செகண்டுல முடிஞ்சிரும். பிராசஸர் பாவம், இத்தனை வருஷமா வேலை இல்லாம கையைக் கட்டிக்கிட்டு நின்னிருக்கு. நாம அதைக் கிழடுன்னு திட்டிக்கிட்டிருந்தோம்.

அதனால என் கட்சி இதுதான். பொட்டி மெதுவா இருக்குன்னா முதல்ல உள்ள இருக்கிறது ஹார்டு டிஸ்க்கான்னு பாருங்க. 2018, 2019 வரைக்கும்கூட நிமிஷத்துக்கு 5,400 தடவை மட்டும் சுத்தற டிஸ்க்கைப் போட்டு லேப்டாப் வித்திருக்காங்க. தமிழ்நாடு அரசு 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல ஆரம்ப வருஷங்கள்ல வந்ததும் ஹார்டு டிஸ்க் மெஷின்தான். அதுல எத்தனையோ இன்னிக்குப் பரண் மேல தூங்குது. ஒரு எஸ்.எஸ்.டி.யும் கொஞ்சம் ராமும் போட்டா சின்னப் பசங்க படிக்க, டைப் பண்ண தாராளமா உதவும்.

"உன் பழைய பொட்டியில விண்டோஸ் 11 ஏறாதே?"ன்னு ஒருத்தர் கேப்பார். வாஸ்தவம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட முடிச்சிருச்சு. எட்டாம் தலைமுறைக்கு முந்தின இன்டெல் பிராசஸரை விண்டோஸ் 11 பொதுவா ஏத்துக்கறதும் இல்லை. நான் லினக்ஸ் மின்ட் போட்டுட்டேன். காசு கிடையாது, தமிழ் நல்லாவே தெரியுது.

இதுவரைக்கும் சொன்னது பாதி. மீதிப் பாதிதான் முக்கியம், ஏன்னா அதுல நான் மாட்டிக்க இருந்தேன்.

500 ஜிபி டிஸ்க் 240 ஜிபி எஸ்.எஸ்.டி.க்குள்ள முழுசா போகாது இல்லையா? அதனால சி டிரைவை மட்டும் காப்பி பண்ணினேன். டி டிரைவ்ல என்ன இருக்கப் போகுது, பாட்டும் படமும்தானேன்னு விட்டுட்டேன். மாட்டிக் குடுத்த கடைப் பையன், "சார், பழைய டிஸ்க்கைக் குடுத்தா 300 ரூபாய் குறைச்சுக்கறேன்"னான். நான் சரின்னு சொல்ல வாயெடுத்தேன். கூட வந்திருந்த தங்கமணிதான், "முன்னூறு ரூபாய்ல என்ன வந்துரப் போகுது? வீட்டுல கிடக்கட்டும்"னாங்க. முழுப் பொட்டியையும் தூக்கிப் போடச் சொன்ன அதே தங்கமணி!

மூணு வாரம் கழிச்சு அக்கா ஊர்லேர்ந்து போன் பண்ணினா. "டேய், கிணத்துத் தண்ணி முறையில சித்தப்பா வீட்டுப் பசங்களுக்கும் நமக்கும் குழப்பமா இருக்குடா. எந்தெந்த நாள் யாருக்குன்னு அப்பா எழுதி வச்சிருந்தாரே, அதை எடுத்து அனுப்பு."

அப்பா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவர். ரிட்டயர் ஆனப்புறம், 2007-லேர்ந்து, எங்க ஊரைப் பத்தி முரசு அஞ்சல்ல தட்டிக்கிட்டே இருப்பார். எந்த வயலுக்கு என்ன பேரு, எந்தக் கிணறு எந்த வருஷம் வெட்டினது, யாருக்கு எத்தனை பங்கு, வரப்புத் தகராறு எப்படி தீர்ந்துச்சுன்னு எல்லாம். 2015-ல அப்பா போயிட்டார். ஃபைலெல்லாம் பழைய திஸ்கி எழுத்துருவுல இருக்கும். யூனிகோட் வந்தப்புறம் திறந்தா ஜாங்கிரி பிழிஞ்ச மாதிரி தெரியும். 'அப்புறமா மாத்திக்கலாம்'னு ஒரு ஃபோல்டர்ல போட்டவன் மறந்தே போயிட்டேன்.

அந்த ஃபோல்டர் எஸ்.எஸ்.டி.யில இல்லை. டி டிரைவ்ல, பாட்டுக்கும் படத்துக்கும் நடுவுல இருந்திருக்கு.

கை சில்லுன்னு ஆயிடுச்சு. பீரோ மேல பிளாஸ்டிக் கவர்ல கிடந்த டிஸ்க்கை எடுத்து, ஒரு யூ.எஸ்.பி. கேபிள் வாங்கிட்டு வந்து சொருகினேன். 'டிக் டிக்'னு ரெண்டு சத்தம், அப்புறம் சுத்த ஆரம்பிச்சுது. அந்த இரைச்சலை நான் பத்து வருஷமா திட்டினவன். அன்னிக்கு அது நிக்கக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஃபைல் அத்தனையும் வந்துச்சு. ராத்திரியே யூனிகோடுக்கு மாத்தி அக்காவுக்கு அனுப்பிட்டேன். தண்ணி முறை பேசி முடிஞ்சுது. அடுத்த வருஷம் அந்த டிஸ்க் சுத்தறதை நிறுத்திருச்சு.

முன்னூறு ரூபாய் மக்களே. வெறும் முன்னூறு ரூபாய்.

வேகத்தைப் பத்தி எழுதற ஆளுங்க இதையும் சேர்த்து எழுதணும்னு நான் நினைக்கிறேன். ஹார்டு டிஸ்க் சாகறதுக்கு முன்னாடி பல நேரம் சத்தம் போடும், இழுக்கும், திணறும். எஸ்.எஸ்.டி. பல சமயம் நேத்து இருந்துச்சு, இன்னிக்கு இல்லைங்கற மாதிரி போயிரும். தப்பா அழிச்ச ஃபைலை ஹார்டு டிஸ்க்லேர்ந்து மீட்க ஓரளவு வழி இருக்கு. எஸ்.எஸ்.டி.யில டிரிம்னு ஒரு வசதி அழிச்ச இடத்தைத் தானே சுத்தம் பண்ணிரும், அப்புறம் மீட்கறது ரொம்பக் கஷ்டம். மின்சாரமே குடுக்காம வருஷக்கணக்கா பெட்டியில வச்சிருந்தாலும் உள்ள இருக்கிறது மெல்ல அழியலாம். எஸ்.எஸ்.டி. ஓடறதுக்கு நல்ல மாடு. ஆனா அது பத்தாயம் இல்லை.

அதனால மாத்துங்க, கண்டிப்பா மாத்துங்க. மாத்தறதுக்கு முன்னாடி எல்லா டிரைவையும் ஒரு தடவை திறந்து பாருங்க. வேண்டியதை ரெண்டு இடத்துல வைங்க. பழைய டிஸ்க்கை ஆறு மாசமாவது பீரோவுல வைங்க. அப்படியே குடுக்கறதா இருந்தாலும் முழுசா அழிச்சிட்டுக் குடுங்க, உங்க பேங்க் பேப்பரெல்லாம் அதுலதானே இருக்கு?

உங்க அப்பா அம்மா தட்டி வச்சது ஏதாவது ஒரு ஃபோல்டர்ல கிடக்கலாம். இன்னிக்கே தேடிப் பாருங்க.

டிஸ்கி: 2025 கடைசியிலேர்ந்து மெமரி சில்லு விலை ஏறியிருக்கு. நான் சொன்ன ரெண்டாயிரத்தை நம்பிக் கடைக்குப் போயி என்னைத் திட்டாதீங்க. இந்தப் பதிவைத் தங்கமணிகிட்ட காட்டினேன். "300 ரூபாய் கதையில என் பேரு வருதா?"ன்னு மட்டும் கேட்டாங்க. வருதும்மா, வருது.