சமூகவியல் வகுப்பில் அம்பேத்கர் எங்கே?

தோழர்களே, சமூகவியல் அறிமுகப் பாடத்தைப் புரட்டுங்கள். மார்க்ஸ், வெபர், துர்கைம் வருவார்கள். சாதி என்றதும் எம்.என். சீனிவாஸ் வருவார். அம்பேத்கர்? பெரும்பாலும் 'சட்டமேதை'யாக ஒரு பத்தியில் வந்து போவார். மாலை போட்டுத் திண்ணையிலேயே உட்காரவைக்கும் மரியாதை!

1916 மே 9. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை வாசிக்கிறார் அம்பேத்கர். வயது 25. சாதியின் உயிர்நாடி அகமணம் என்கிறார். கணவனை இழந்தவளோ மனைவியை இழந்தவனோ சாதிக்கு வெளியே துணை தேடிவிடக் கூடாது. அதற்குத்தான் உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம். சாதிக்குக் காவல் பெண்ணுடல்மீது என்பதை அன்றே பிடித்துவிட்டார். பார்ப்பனர் முதலில் கதவடைத்துக்கொண்டனர், மற்றவர்கள் போலச் செய்தனர் என்று பிரெஞ்சு அறிஞர் தார்தின் துணையோடு விளக்குகிறார்.

சீனிவாஸின் குடகு நூல் வந்தது 1952இல். மேல்சாதிச் சடங்குகளையும் உணவுமுறையையும் பின்பற்றிக் கீழ்ச்சாதி உயரலாம், அதுவே 'சமஸ்கிருதமயமாதல்'. இங்கும் போலச் செய்தல்தான். ஆனால் அம்பேத்கரிடம் அது சாதி பரவிய வழி. சீனிவாஸிடம் ஏறிப்போகும் ஏணி.

அந்த ஏணியில் தலித் ஏறினால்? வடமாநிலங்களில் குதிரையேறும் தலித் மணமகனை அடித்து இறக்குகிறார்களே, அதுதான் நடக்கும். எவ்வளவு சமஸ்கிருதமயமானாலும் தீண்டாமைத் தடையைத் தாண்ட முடியாது என்று சீனிவாஸே எழுதியிருக்கிறார். ஏணியை மனப்பாடம் செய்யவைப்பவர்கள் இந்த வரியை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

அடுத்த தேர்வில் சாதியை வரையறுக்கச் சொன்னால் 1916இலிருந்து தொடங்குங்கள். மதிப்பெண் குறைத்தால், காரணத்தை எழுதித்தரச் சொல்லுங்கள்.