டேலி ஆகாத வானம்

ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் காமர்ஸ் மாணவர்கள் என்ன செய்வார்கள்? வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில், அதாவது அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டுப் பிழையைத் தேடுவார்கள். வானியலிலும் அப்படி ஒரு அனாமத்துக் கணக்கு பல வருடங்களாக மூடப்படாமல் கிடக்கிறது!

சுமார் 32 கோடி ஒளியாண்டு தூரத்தில் கோமா என்றொரு கேலக்ஸிக் கூட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள். அவற்றுக்கு இடையே கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் வாயு. அந்தச் சூட்டினாலேயே அது எக்ஸ் கதிர் வீசுகிறது. இதில் குழப்பமில்லை. ஆனால் அங்கிருந்து ரேடியோ அலைகளும் வருகின்றன. கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஓடும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழல்வதால் வருபவை அவை. அதே எலக்ட்ரான்கள், பிரபஞ்சம் முழுக்கப் பரவியுள்ள மைக்ரோவேவ் ஒளியில் மோதி, வாயுவின் சூட்டோடு சம்பந்தமில்லாத இன்னொரு எக்ஸ் கதிரையும் தந்தாக வேண்டும். இரட்டைப் பதிவு முறை மாதிரிதான். ஒரு பக்கம் பதிவு இருக்கிறது. மறுபக்கம்?

1999-ல் பெப்போசாக்ஸ், ஆர்.எக்ஸ்.டி.இ. செயற்கைக்கோள்களின் தகவலை வைத்து, கிடைத்துவிட்டது என்றார்கள். 2009-ல் சுசாகு, 2015-ல் நுஸ்டார் தகவல்களை அலசியவர்கள், காணோம் என்றார்கள். காரணம், சூட்டின் கதிரையும் பின்னணி இரைச்சலையும் கழித்த பிறகு மிஞ்சுவது சொற்பம். காரைக்கால் மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் ஒருவரின் முணுமுணுப்பைக் கேட்பது போல. கழிக்கும் தொகையில் சின்னத் தப்பு வந்தாலும் லாபம் நஷ்டமாகிவிடும்.

கிடைக்காத ஒன்றுக்கா இவ்வளவு செலவு என்று கேட்பவர்கள் உண்டு. அது தவறு. காந்தப்புலம் பலவீனமாக இருந்தால், அதே அளவு ரேடியோ அலைக்கு நிறைய எலக்ட்ரான்கள் வேண்டும். அப்போது எக்ஸ் கதிரும் பளிச்சென்று தெரிந்திருக்கும். தெரியவில்லை. ஆக, காந்தப்புலம் ஒரு அளவுக்குக் கீழே இருக்க முடியாது. 'இல்லை' என்ற பதிலே ஒரு தொகையைச் சொல்கிறது!

இந்தியாவிடம் ரேடியோ பக்கத்துப் பேரேடு இருக்கிறது. புனே அருகே கோடத் கிராமத்தை மையமாகக் கொண்ட ஜி.எம்.ஆர்.டி.யில், தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள். எக்ஸ் கதிருக்கு 2015 செப்டம்பர் 28-ல் அஸ்ட்ரோசாட் ஏவப்பட்டது. அதன் லாக்ஸ்பெக் கருவி 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. ஆனால் அது படம் எடுப்பதில்லை, வருவதை மொத்தமாக எண்ணும். நுஸ்டார் போல அதிக ஆற்றல் எக்ஸ் கதிரைக் குவிக்கும் கண்ணாடியோடு அடுத்த செயற்கைக்கோளை இந்தியா அனுப்ப வேண்டும்.

அதுவரை அனாமத்துக் கணக்கு திறந்தே இருக்கட்டும். பொய்யாக டேலி செய்த கணக்கை விட, டேலி ஆகாத நேர்மையான கணக்கு மேல் இல்லையா?