வீதியோர மரங்களின் வரவும் செலவும்

மானிப்பாய் மருதடி விநாயகர் ஆலயம் தன் பெயரிலேயே ஒரு மரத்தைச் சுமந்து நிற்கிறது. அத்தகைய ஊரிலும் வீதியோர மரத்தைத் தறிப்பதா, விடுவதா என்ற கேள்வி அயலாரிடையே பிணக்காக வளர்ந்துவிடக் கூடியதே.

மரங்களால் விளையும் இடர்களை மறுப்பதற்கில்லை. மாரிக்காற்றில் முறியும் கொப்புகள் மின்கம்பிகளை அறுக்கின்றன. வேர்கள் மதில்களைப் பிளக்கின்றன. சருகுகள் வடிகால்களை அடைக்கின்றன. நிலத்தடி நீரையும் மரங்கள் உறிஞ்சவே செய்கின்றன. வற்றாத ஆறு எதுவுமற்ற குடாநாட்டில் இதுவும் கணக்கில் கொள்ளத்தக்கதே.

ஆயினும் வரவு பெரிது. நிழலாலும் இலைகள் வெளிவிடும் நீராவியாலும் கோடை வெம்மை தணிகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும் மழைநீர், வேரோடி இளகிய மண்ணூடாகச் சுண்ணாம்புக்கற் படுகைக்கு இறங்குகிறது. அந்நீரே நம் கிணறுகளுக்கு ஆதாரம்.

சிக்கல் எங்கே? வரவு ஊருக்கு, செலவோ மதில் பிளந்த ஒரு வீட்டாருக்கு. இந்நிலையில் அவர் கோடரியை நாடுவதில் வியப்பில்லை.

2013 முதல் 2018 வரை இயங்கிய வடக்கு மாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாகப் பிரகடனம் செய்தது. ஆனால் நட்டால் மட்டும் போதாது. மின்கம்பிகளின் கீழ் உயரம் குறைந்த மரங்களையே நட வேண்டும். மாரிக்கு முன்னரே, மொட்டையடிக்காது, ஆபத்தான கொப்புகளை மட்டும் அகற்ற வேண்டும். பொதுமரத்தால் நேரும் சேதத்தில் ஒரு பங்கை வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபை ஏற்க வேண்டும். நிழல் பொதுவெனில் அதன் செலவும் பொதுவாதலே நியாயம்.