"2021 வேண்டாம்" என்று சொல்ல முன்னம்

"2021 ஆ? வேண்டாம்."

நான் வேலை செய்யிற பரிஸ் ரெஸ்ரோரன்றின் முதலாளி, கிளாசில் ஊற்ற முன்னமே இப்படிச் சொல்லிவிட்டார். 2024 தை மாதம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து நான் மேசை துடைத்துக்கொண்டு நின்றேன். லுவார் ஆற்றுப் பக்கத்துச் சின்னத் தோட்டக்காரர்களின் வைன்களை விற்கிற ஒருவர் வந்திருந்தார். அவர் திறந்து வைத்தது ஷினோன் என்ற ஊரின் சிவப்பு வைன். ஒரே தோட்டம், இரண்டு அறுவடை: 2021, 2022. முதலாளி பொக்கற்றிலிருந்து சின்ன அட்டை ஒன்றை எடுத்தார். எந்தப் பிரதேசத்துக்கு எந்த ஆண்டு நல்லது என்று நட்சத்திரம் போட்ட அட்டை. 2022 க்கு நட்சத்திரம் கனக்க. 2021 க்குக் குறைவு. கதை முடிஞ்சுது. 2022 இல் இரண்டு பெட்டி எடுத்தார். 2021 ஐ நாக்கிலும் வைத்துப் பார்க்கவில்லை.

விற்க வந்தவர் திறந்த போத்தல்களை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். குசினியில் வேலை செய்யிற மாமாவும் நானும் பின்னேரம் இரண்டையும் ருசி பார்த்தோம். (குடியுங்கோ என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ருசி பார்க்கிறவர்கள் பெரும்பாலும் வாயில் சுழற்றிவிட்டுத் துப்பிவிடுவார்கள். அது வேறு வேலை.)

2022 இல் கறுப்புப் பழ வாசம். நாவற்பழம் நல்லாப் பழுத்து நிலத்தில் விழுந்து கிடக்கிற மாதிரி. வாயில் கனம், தொண்டையில் சூடு. லேபலில் 14 சதவீதம் என்று இருந்தது. 2021 அப்படியே எதிர். நிறம் மெல்லிசு. மூக்கில் முதலில் வந்தது பச்சைக் கறிமிளகாயை அப்பதான் வெட்டின மாதிரி ஒரு வாசம். ஷினோனில் பயிரிடுகிற கபெர்னே ஃப்ரோங் என்ற திராட்சை குளிரான ஆண்டில் இந்த வாசத்தைக் கொண்டுவரும். பிறகு புளிப்பு, கடைசியில் கொஞ்சம் துவர்ப்பு. 12 சதவீதம்தான்.

பிரெஞ்சுக்காரர் தானின் என்று சொல்லிச் சொல்லி விளங்கப்படுத்துகிற விசயத்துக்கு எங்களிடம் 'துவர்ப்பு' என்று ஒரு சொல் முதலே இருக்கு. மாமா ஒரு துண்டு வாட்டின கோழியோடு இரண்டையும் குடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அது ஒரு கிளாசோட காணும் எண்டு சொல்லுது. இது சாப்பாட்டைக் கேக்குது."

2021 பெரிய வைன் என்று நான் சொல்ல வரவில்லை. ருசி வாயில் கனநேரம் நிக்காது. பதினைந்து வருசம் வைத்திருந்து திறக்கிற சாமானும் இல்லை. ஆனால் அந்தக் கோழிக்கு 2021 தான் பொருத்தம். அட்டை அதைச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. என் கோபம் இந்த அட்டைகளில்தான்.

முதலில் அட்டைக்காரருக்கு ஒரு நியாயம். வைன் கடைத் தட்டுக்கு முன்னால் கையில் கொஞ்சக் காசோடு நிக்கிற ஆளுக்கு ஏதோவொரு வழிகாட்டி வேணும். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 1982 ஆம் ஆண்டுப் போர்தோவைத் துணிந்து புகழ்ந்துதான் பேர் எடுத்தார். 100 புள்ளிக் கணக்கு அவரால்தான் உலகம் முழுக்கப் பரவியது. வைன் வியாபாரத்தோடு ஒட்டி நின்று எழுதியவர்களுக்கு நடுவில், வாங்குகிறவர் பக்கம் நின்று அவர் எழுதினார். அது நல்ல வேலைதான்.

பிரச்சினை அளவுகோலில் இருக்கு. 'நல்ல ஆண்டு' என்ற கதை குளிர்காலத்துக் கதை. பிரான்சின் வடபாதியில் முந்தி திராட்சை ஒழுங்காகப் பழுக்கிறதே பெரும்பாடு. வெயில் அடித்த ஆண்டு அபூர்வம். அதனால் வெயில் என்றால் நல்லது, குளிர் என்றால் கூடாது என்று கணக்கு வைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது சரி.

இப்ப நிலைமை என்ன? பூர்கோஞ் பிரதேசத்தில் போன் என்ற சிறு நகரம் இருக்கு. அங்கே 1354 தொடக்கம் 2018 வரை திராட்சை வெட்டத் தொடங்கிய திகதிகளை ஆய்வாளர்கள் திரட்டி 2019 இல் வெளியிட்டார்கள். 1988 க்குப் பிறகு அறுவடை, அதற்கு முந்திய காலத்தின் சராசரியை விடக் கிட்டத்தட்ட 13 நாள் முந்தி நடக்குது. அறுநூறு வருசத்துக்கு மேலான பதிவில் கடைசி முப்பது வருசம் தனியாகத் துருத்திக்கொண்டு நிக்குது. அங்கே இப்ப வெயில் அபூர்வம் இல்லை. பழத்தில் புளிப்பைக் காப்பாற்றுறதுதான் கஷ்டம். அப்படியிருந்தும் அட்டை இன்னும் வெயிலுக்குத்தான் நட்சத்திரம் போடுது.

அந்த 2021 ஐயே எடுங்கோ. பங்குனிக் கடைசியில் கோடை மாதிரி வெயில். கொடிகள் ஏமாந்து முந்தியே துளிர்விட்டன. சித்திரை முதல் வாரத்தில் உறைபனி இறங்கியது. ஷப்லியில் இரவிரவாகக் கொடிகளுக்கு இடையில் மெழுகுச் சட்டிகளைக் கொளுத்தி வைத்தார்கள். சிலர் தண்ணீரை விசிறித் துளிரைச் சுற்றி ஐஸ் கட்ட விட்டார்கள். அந்த ஐஸ் ஓடு உள்ளே இருக்கிற துளிரைக் காப்பாற்றும். அப்படியும் கன இடங்களில் கருகிப் போச்சு. பிரான்ஸ் முழுவதுக்குமே அந்த ஆண்டு அறுவடை மிகக் குறைவு. காலநிலை மாற்றம், துளிர்விட்ட பிறகு இப்படி உறைபனி வருகிற வாய்ப்பை ஏறக்குறைய 60 சதவீதம் கூட்டியிருக்கு என்று பிறகு ஆய்வாளர்கள் கணித்தார்கள். குளிர் அடித்த அடிக்குப் பின்னாலும் வெப்பம்தான் நிக்குது.

இப்ப சின்னத் தோட்டக்காரர் ஒருவரை நினைச்சுப் பாருங்கோ. பனியில் பாதிக் கொடி போச்சு. மிச்சத்தைப் பொறுக்கி, கவனமாக வைன் செய்து, கொஞ்சப் போத்தல் தேறுது. அதையும் கொண்டுபோய் மேசையில் வைத்தால், "2021 ஆ? வேண்டாம்." பனி ஒருக்கா அடித்தது, அட்டை இரண்டாந்தரம் அடிக்குது. பேர்பெற்ற பெரிய தோட்டங்கள் இதைத் தாங்கும். இவர் எப்படித் தாங்குவார்?

இன்னொரு விசயம், 'பிரான்சுக்கு நல்ல ஆண்டு' என்று ஒன்று கிடையாது. 2023 இல் பூர்கோஞ்சிலும் ஷாம்பெய்னிலும் கொடி தாங்காத அளவு காய். அதே ஆண்டு, ஸ்பெயின் எல்லையோரத்து ருசியோனில் மழையே இல்லாமல் நிலம் வெடித்தது. 2024 இல் ஷப்லியிலும் சோன்செரிலும் மழைக்கு மேல் மழை, இலையில் பூஞ்சண நோய். ஜூராவில் திரும்பவும் சித்திரைப் பனி, அறுவடையில் பெரும்பகுதி போச்சு. ருசியோன் அந்த ஆண்டும் தண்ணீருக்குத் தவிச்சுக்கொண்டு இருந்தது. இதையெல்லாம் ஒரு இலக்கத்தில் எப்படி அடைக்கிறது? பிரதேசம் பிரதேசமாகப் பிரித்தாலும் பக்கத்துப் பக்கத்து மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பனி ஒரே மாதிரி விழாது.

அட்டையில் வராத இன்னொன்றும் இருக்கு. 2023 புரட்டாதியில் ஷாம்பெய்ன் அறுவடை கொளுத்துகிற வெயிலில் நடந்தது. அந்த நாட்களில் பழம் பறிக்க வந்த தொழிலாளர் சிலர் செத்துப் போனார்கள். வெயிலுக்கு நட்சத்திரம் போடுகிறபோது இதையும் கொஞ்சம் நினைக்க வேணும்.

"நாக்கு பொய் சொல்லாது, அட்டை எதுக்கு?" என்று கேப்பியள். நாக்கும் பொய் சொல்லும். 2001 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று. போர்தோவில் வைன் படிக்கிற 54 பேருக்கு, வெள்ளை வைனில் வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே விபரித்தார்கள். கண் முதலே தீர்மானித்துவிட்டால் மூக்கு பின்னால் போகும். நிறம் செய்கிற வேலையை நட்சத்திரமும் செய்யும். அட்டையைப் பார்த்துவிட்டு 2021 ஐக் குடிக்கிற ஆள் குறையைத்தான் தேடுவார்.

அதனால் ருசி பார்க்கிறவர்களுக்கு நான் கேக்கிறது நாலு விசயம். போத்தலைக் கடதாசியால் சுற்றிவிட்டு ஊற்றச் சொல்லுங்கோ. ஒரே தோட்டத்தின் இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ, வித்தியாசம் அப்பதான் விளங்கும். சாப்பாடு இல்லாமல் தீர்ப்புச் சொல்லாதேங்கோ. தெரிஞ்ச சொல்லால் எழுதுங்கோ. ஐரோப்பியக் காட்டுப் பழங்களின் பேரைப் பாடமாக்கத் தேவையில்லை. நெல்லி, நாவல், கறிமிளகாய், ஈர மண், எல்லாம் செல்லும்.

கடைசியாக, "இது நல்ல ஆண்டா?" என்று விற்கிறவரிடம் கேக்கிறதை விட்டுவிட்டு, "அந்த ஆண்டு உங்கட தோட்டத்தில் என்ன நடந்தது?" என்று கேளுங்கோ. பதில் சொல்லத் தெரிஞ்சவரிடம் வாங்குங்கோ.

நான் என் காசில் அந்த 2021 இரண்டு போத்தல் வாங்கினேன். ஒன்றை மாமாவின் பிறந்தநாளுக்குத் திறந்தோம். மற்றதை அடுத்த மாதம் கடதாசியில் சுற்றி முதலாளிக்கு ஊற்றப் போகிறேன். அவருக்குப் பிடிக்காமலும் போகலாம். குடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னால் எனக்குச் சம்மதம்.