கல்லும் செப்பேடும்: திருவிதாங்கோட்டு அரப்பள்ளி

பழவங்காடியிலிருந்து நாகர்கோவில் சாலையில் தெற்கே சென்றால், தக்கலைக்கு அருகே திருவிதாங்கோடு. ஓர் அரசுக்கே பெயர் தந்த அவ்வூரில் அரப்பள்ளி எனும் சிறிய கருங்கல் தேவாலயம் நிற்கிறது. தோமா அப்போஸ்தலர் கி.பி. 63இல் நிறுவியது என்பது மரபு. அவ்வாண்டைக் கொண்டே கட்டடத்தையும் அளப்பது பொருந்தாது. வழிபாட்டு மரபின் வயது வேறு. இன்று நிற்கும் சுவரின் வயது வேறு.

கொல்லத்து நிலை நேர்மாறானது. 849இல் வேணாட்டு அய்யனடிகள் தரிசாப்பள்ளிக்கு அளித்த கொடையைச் செப்பேடு உரைக்கிறது. வட்டெழுத்தில் அமைந்த அச்சாசனத்தில் அரபி, பகலவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிகளின் ஒப்பங்களும் உள்ளன. அப்பள்ளியோ இன்றில்லை. அங்கே ஆவணம் எஞ்சியது. இங்கே எஞ்சியது கட்டடம். மரபு கூறும் காலத்துக்குரிய சமகால ஆவணம் திருவிதாங்கோட்டிற்கு இல்லை.

எனவே இங்குக் கல்லே சாசனம். கல்லின் கொத்துவேலை, மூட்டுகள், தூண் வடிவம், பிற்காலச் சேர்க்கைகள் ஆகியவற்றை ஊர்க் கோயில்களோடும் பத்மநாபபுரம் அரண்மனையோடும் ஒப்பிட்டே அதன் கட்டங்களைப் பிரித்தறிய இயலும். சிமெண்டுப் பூச்சு மூடிய மூட்டினைப் பின்னர் எவரும் படிக்க முடியாது. எந்தப் புதுப்பிப்புப் பணிக்கும் முன்னர் அளவீட்டு வரைபடமும் ஒளிப்படப் பதிவும் கட்டாயமாக வேண்டும்.