குடியுரிமைக்குச் சாதியைச் சான்றாகக் காட்டியவர்கள்

போன தை மாதம் அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ். கோட்டு சூட்டில் மாப்பிள்ளை, பின்னால் கையில் தீபத்தோடு சுதந்திர தேவி. "அமெரிக்கக் குடியுரிமை பெற்று ஊருக்குப் பெருமை சேர்த்த" என்று தொடங்கி, கீழே இளைஞரணி நண்பர்களின் பெயர்ப்பட்டியல். பந்தியில் பக்கத்து இலைக்காரர் மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட பெரியப்பாவாம். பாயசத்தை வழித்துக்கொண்டே சொன்னார்: "சிட்டிசன் ஆயிட்டான் தம்பி. இனி அவன் வெள்ளைக்காரன்தான்."

மண்டபத்துக்குப் பின்னால், பறை அடிக்க வந்த நாலு பேர் பொட்டலத்தைப் பிரித்து நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா சொன்னதைச் சிரித்து விட்டுவிட முடியவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்க நீதிமன்றத்தில் நம் நாட்டுக்காரர்கள் இதே வாதத்தைத்தான் வைத்தார்கள், சட்டப் புத்தகங்களோடு. நம் கல்லூரிகளில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

1790இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த ஒருவர் குடிமகனாக வேண்டுமென்றால் அவர் 'சுதந்திரமான வெள்ளையராக' இருக்க வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பிறகு, 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் அந்த உரிமை வந்தது. ஆசியர்கள் இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நின்றார்கள். அங்கே போய்ச் சேர்ந்த இந்தியர்கள் சிலர் என்ன செய்தார்கள்? நிறத்தை வைத்துக் குடியுரிமை தருவதே அநியாயம் என்றா வழக்குப் போட்டார்கள்? இல்லை. "நாங்களும் வெள்ளையர்தான்" என்று போட்டார்கள். அதற்கு ஆதாரம்? சாதி.

1913இல் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் நகர நீதிமன்றத்தில் அக்‌ஷய் குமார் மஜும்தார் என்ற வங்காளி, தான் கலப்பில்லாத உயர்சாதி இந்து, ஆளும் வர்ணத்தைச் சேர்ந்தவன் என்று சாட்சியம் சொன்னார். நீதிபதி ஏற்றுக்கொண்டு குடியுரிமை கொடுத்தார். நம்மூரில் தாலுகா ஆபீஸ் வாசலில் சாதிச் சான்றிதழுக்கு நாம் நாயாய் அலைகிறோமே, அந்த மனிதர் வாயாலேயே வாங்கிவிட்டார்.

பத்து வருஷம் கழித்து வந்ததுதான் பெரிய வழக்கு. பகத் சிங் திந்த் பஞ்சாபிலிருந்து போனவர். முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவ உடுப்பைப் போட்டவர். 1918இல் குடியுரிமை கொடுத்து, நாலே நாளில் பிடுங்கினார்கள். மறுபடி போராடி வாங்கினார். அரசு மேல்முறையீடு செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அவர் தரப்பு வைத்த வாதத்தைப் படித்தால் வயிறு எரிகிறது. திந்த் ஆரிய ரத்தம், உயர்சாதி, சாதி தாண்டிக் கல்யாணம் செய்யாத கூட்டம். ஆகவே ரத்தம் கெடவில்லை. அதோடு நிறுத்தவில்லை. கல்யாண விஷயத்தில் அமெரிக்க வெள்ளையர் கறுப்பரை எப்படிப் பார்க்கிறாரோ, அப்படித்தான் உயர்சாதி இந்து இந்தியாவின் பூர்வகுடிகளைப் பார்க்கிறார் என்றும் எழுதினார்கள். அதாவது, "உங்களைப் போலவே எங்களுக்கும் ஒதுக்கிவைக்க ஆட்கள் இருக்கிறார்கள், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்."

சாதியை மறுத்த குருமார்களின் மார்க்கத்தில் பிறந்த ஒரு சீக்கியரின் பெயரால் இது எழுதப்பட்டது என்பது தனிக் கொடுமை.

1923 பிப்ரவரி 19. நீதிபதி சதர்லேண்ட் தீர்ப்புச் சொன்னார். மூன்று மாதத்துக்கு முன்னால் ஜப்பானியரான ஒசாவாவின் வழக்கில், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் என்று எழுதிய அதே நீதிபதி, இப்போது இனவியல் என்ன சொன்னாலும் சரி, சாதாரண வெள்ளைக்காரன் கண்ணுக்கு இவர் வெள்ளையர் இல்லை என்று முடித்தார். ஏற்கெனவே குடியுரிமை வாங்கிய இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்க அரசு கிளம்பியது. மஜும்தாருடையதும் போனது.

இதில் வைஷ்ணோ தாஸ் பகாய் என்ற மனிதரை மட்டும் என்னால் கேலி செய்ய முடியாது. 1915இல் மனைவி கலாவோடும் மூன்று பையன்களோடும் போனவர். பெர்க்லியில் வீடு வாங்கிச் சாமான்களோடு குடிபோன அன்றைக்கு, அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் வீட்டைப் பூட்டி உள்ளே விடாமல் தடுத்தார்கள். சேலத்தில் வாடகைக்கு வீடு தேடிய நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குடியுரிமையை இழந்தார், சொத்தை விற்க வேண்டி வந்தது, ஊருக்கு வந்துபோக அமெரிக்க பாஸ்போர்ட்டும் மறுக்கப்பட்டது. 1928இல் எல்லாவற்றையும் ஒரு பத்திரிகைக்குக் கடிதமாக எழுதிவைத்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார்.

அவருக்கு நடந்தது அநீதி. திந்துக்கு நடந்ததும் அநீதி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கதவைத் திறக்கச் சொல்வது வேறு, நான் உள்ளே வந்ததும் மற்றவனுக்குச் சாத்திக்கொள் என்பது வேறு. நம் தோழர்கள் சிலர் இந்த வழக்கை 'இந்தியர்கள் இனவெறிக்கு எதிராகப் போராடிய வரலாறு' என்று பகிர்கிறார்கள். வாதத்தைப் படித்துவிட்டுப் பகிருங்கள்.

அதே 1913இல் இன்னொருவரும் அமெரிக்காவில் இறங்கினார். பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன நம் அண்ணல். 1916இல் அங்கே சாதியின் தோற்றம் பற்றிய கட்டுரையை வாசித்தார். இந்துக்கள் உலகின் மற்ற பாகங்களுக்குக் குடிபெயர்ந்தால் சாதி உலகத்தின் பிரச்சினையாகிவிடும் என்ற கேட்கரின் எச்சரிக்கையை அதில் எடுத்துக்காட்டினார். திந்த் வழக்குக்கு ஏழு வருஷம் முன்னால்! ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரு கூட்டம் சாதியைத் தகுதியாகக் காட்டி மனுப்போட்டது. ஒரு மனிதர் அதே சாதியை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, அந்தக் கதவை யார் திறந்தார்கள்?

1946இல் வருஷத்துக்கு வெறும் நூறு இந்தியர் என்று ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தார்கள். அகலமாகத் திறந்தது 1965இல். அந்த வருஷம் மார்ச்சில் செல்மாவில் கறுப்பின மக்கள் ஓட்டுரிமைக்காக நடந்து தடியடி வாங்கினார்கள். ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அக்டோபரில் நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டம் வந்தது. மண்டை உடைந்தது கறுப்பர்களுக்கு. அந்தப் போராட்டம் உண்டாக்கிய காற்றில்தான் நம் டாக்டர்களும் இன்ஜினியர்களும் விமானம் ஏறினார்கள். அதுவும் யார் ஏறினார்கள்? தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடம் பார்த்தவர்கள், மக்கள் வரிப்பணத்தில் நடந்த கல்லூரிகளில் படித்து முடித்தவர்கள். போய் இறங்கியதும் "தகுதியால் வந்தோம்" என்றார்கள். இங்கே நம் இடஒதுக்கீட்டைப் பார்த்து இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அங்கே பிறக்கும் குழந்தைக்குக் கிடைக்கும் குடியுரிமையும் அப்படித்தான். கறுப்பர் அடிமையானாலும் சுதந்திரரானாலும் குடிமகனாக முடியாது என்று 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை முறியடிக்க 1868இல் வந்தது பதினான்காவது திருத்தம். அடிமைகளின் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட அந்த வரிதான், 1898இல் வோங் கிம் ஆர்க் என்ற சீனத் தொழிலாளியின் வழக்கு வழியாகக் குடியேறியவர்கள் எல்லோருடைய பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்தது.

2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்ற கையோடு, விசாவில் தற்காலிகமாக இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு அந்த உரிமை கிடையாது என்று உத்தரவு போட்டார். பிப்ரவரி 19க்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்கு அது பொருந்தும் என்றார்கள். திந்த் தீர்ப்பு வந்த அதே தேதி! எச்-1பி விசாக்காரர்கள் அந்தத் தேதிக்கு முன்னால் பிரசவம் பார்க்கச் சொல்லி டாக்டர்களிடம் கேட்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றங்கள் உத்தரவை நடைமுறைக்கு வரவிடாமல் தடுத்தன. தடுக்கக் கையில் இருந்த ஆயுதம் எது? அடிமைகளின் பிள்ளைகளுக்காக எழுதிய அதே பதினான்காவது திருத்தம்தான்.

அந்த நாட்களில் நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே புலம்பல். பிறந்த மண்ணில் பிள்ளைக்கு உரிமை இல்லையா, என்ன அநியாயம் என்று. அநியாயம்தான். ஆனால் இந்தியா அந்த உரிமையை எப்போதோ எடுத்துவிட்டதே, அப்போது எங்கே இருந்தீர்கள்? 1987 ஜூலை 1 முதல், இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கினார்கள். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களுக்கு முகாமில் பிறந்து, இங்கேயே தமிழ்வழியில் படித்து, இங்கேயே கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்றவர்கள் சேலம் மாவட்ட முகாம்களிலும் இருக்கிறார்கள். 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றினார்கள். பெயர் மாறியது. அவர்களில் பெரும்பாலோர் இன்னும் இந்தியர் இல்லை. 2019 திருத்தச் சட்டத்தில் இலங்கைக்கு இடமே இல்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், பிறப்பால் தான் இந்தியர் என்று உயர் நீதிமன்றம் ஏறி நிரூபித்து, 2024 தேர்தலில்தான் முதல் ஓட்டுப் போட்டார். அவருக்கு எந்த மண்டபத்திலும் ஃபிளெக்ஸ் வைக்கவில்லை.

அந்த முகாம்களில் மலையகத்தவரும் உண்டு. தேயிலைத் தோட்டத்துக்கு இங்கிருந்து கூட்டிப்போகப்பட்டவர்களின் வம்சம், பெரும்பகுதி நம் மக்கள். 1948இல் இலங்கை அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள், வாடகைச் சாமான் மாதிரி.

திந்த் தீர்ப்புக்கு நூறு வருஷமும் இரண்டு நாளும் கழித்து, 2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கொண்டுவந்த க்‌ஷமா சாவந்த், தான் பிராமணக் குடும்பத்தில் வளர்ந்தவர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். எதிர்த்து நின்றவர்கள் யார்? இந்திய வம்சாவளி அமைப்புகள். நூறு வருஷத்துக்கு முன்னால் "எங்களுக்குச் சாதி இருக்கிறது, பாருங்கள்" என்றவர்களின் வாரிசுகள், "சாதியா? அப்படி ஒன்று இங்கே இல்லவே இல்லை" என்றார்கள். அடுத்துக் கலிபோர்னியாவில் ஆயிஷா வஹாப் கொண்டுவந்த மசோதா இரண்டு அவைகளிலும் நிறைவேறியது. தேன்மொழி சௌந்தரராஜன் போன்ற நம் தோழர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அக்டோபரில் ஆளுநர் நியூசம் கையெழுத்துப் போட மறுத்தார். இருக்கிற சட்டமே போதுமாம். ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டபோதெல்லாம் நமக்குச் சொன்ன பதிலை அவருக்கு யார் மொழிபெயர்த்துக் கொடுத்தார்களோ!

ஒரு விஷயம் கவனியுங்கள். அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழியில், பழைய நாட்டின் மீதான விசுவாசத்தைத் துறக்கச் சொல்கிறார்கள். பரம்பரைப் பட்டம், பிரபுப் பதவி ஏதாவது இருந்தால் அதையும் வெளிப்படையாகத் துறக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஒரு இங்கிலாந்துப் பிரபு போனால் 'லார்டு' பட்டத்தை வாசலில் கழற்ற வேண்டும். நம்மாட்கள் அதைவிடப் பழைய பரம்பரைப் பட்டத்தை உள்ளே வைத்துக்கொண்டே வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்கிறார்கள். கேட்கிற அதிகாரிக்கு அது பட்டம் என்றே தெரியாது.

"நம்மாளுக்கு இங்கயே பொதுப்பாதை இல்ல, அமெரிக்கா எதுக்கு தோழர்?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நியாயம்தான். 2024 மே மாதம் தீவட்டிப்பட்டியில் கோயில் திருவிழா உரிமை கேட்டதற்கு என்ன நடந்தது என்று பார்த்தோம். ஓமலூர் கோகுல்ராஜும் இன்ஜினியரிங் முடித்த பையன்தான். 2015இல் திருச்செங்கோடு கோயிலில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தது அவர் உயிருக்கே விலையானது. இதைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் ஓடத்தான் நினைப்பார்கள். ஓடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே போய்ச் சாதியை மறைத்துக்கொண்டு வாழ்கிறவர்களையும் சொல்ல மாட்டேன். மறைக்கவேண்டிய நிலைமையை உண்டாக்கியவர்களைத்தான் சொல்கிறேன்.

நம் காலனித் தம்பி ஒருவன், அப்பா செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்குகிறவர், அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயலக உதவித்தொகையில் டெக்சாஸுக்கு எம்.எஸ். படிக்கப் போனான். கிளம்புவதற்கு முன்னால் என்னிடம் வந்து, "ஏண்ணா, அங்க எந்த ஊருன்னு கேட்டா சேலம்னு மட்டும் சொன்னாப் போதுங்களாண்ணா?" என்றான். போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கேக்கறவன் சேலத்தோட நிறுத்த மாட்டான்டா" என்றேன்.

போய் மூன்றாவது வாரம் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தான். அறைக்கு ஆள் தேடிய தமிழ்ப் பையன்கள் வீட்டுக்குப் போயிருக்கிறான். முதலில் எந்த ஊர். அப்புறம் சேலத்தில் எங்கே. அயோத்தியாப்பட்டணம் என்றதும் ஒருவன், "அட, எங்க மாமா ஊருடா! அயோத்தியாப்பட்டணத்துல எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறான்.

"காலனின்னு சொல்லிட்டேண்ணா" என்றான்.

வீடு கிடைத்ததா என்று கேட்டேன். "நாளைக்குச் சொல்றோம்னாங்க. அது போன சனிக்கெழம. இப்ப ஒரு மெக்சிகோக்காரர் வீட்ல மாடி ரூம்ல இருக்கேன். அவருக்கு இன்னும் பேப்பரே வரலியாம், பதினெட்டு வருஷமா அங்கதான் இருக்காராம். அட்வான்ஸ் மட்டும்தாண்ணா கேட்டாரு."