மறுநாள் காலை இல்லாத பாட்டுகள்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

மதுக்கூடத்தில் பிறந்த பாட்டைப் பற்றிக் கன்னியர் மடத்துப் பள்ளியின் ஆண்டு மலரில் எழுதலாமா என்று தோழியர் சிலர் கேட்டனர். எழுதலாம் என்பதே என் எண்ணம். நோயைப் பற்றி எழுதுபவர் நோயை விரும்புபவர் ஆகிவிடமாட்டார். நான் எழுத எடுத்துக்கொண்ட பாட்டுகளிலும் குடியைப் புகழ்ந்தவை குறைவு, குடியால் கெட்டதைச் சொல்பவையே அதிகம். ஆகவே அருட்சகோதரியரும் பெற்றோரும் முகம் சுளிக்காமல் மேலே படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஹாங்கி டாங்க் என்றால் அமெரிக்காவின் தென்பகுதியில் கூலித் தொழிலாளர்கள் கூடிக் குடித்து ஆடும் மலிவான கூடம். அங்கே பாடப்பட்ட கன்ட்ரி இசைக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்று கன்ட்ரி இசை கேட்பவர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. "அந்தக் காலத்துப் பாட்டுதான் பாட்டு, இப்போது வருவது வெறும் இரைச்சல்" என்று ஒரு சாரார் ஏங்குகிறார்கள். "காலம் மாறினால் பாட்டும் மாறத்தானே வேண்டும்" என்று மற்றொரு சாரார் பதில் சொல்கிறார்கள். ஏங்குபவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்லும் காரணம்தான் சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-ல் நீங்கியது. அந்தச் சமயத்தில் கிழக்கு டெக்சாஸில் எண்ணெய்க் கிணறுகள் தோண்டும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கிராமத்தை விட்டுக் கூலிக்கு வந்த ஆண்கள், கையில் காசு, மனத்தில் தனிமை. சாலையோரங்களில் கூடங்கள் முளைத்தன. ஆட்டமும் கூச்சலும் பாட்டில் உடைவதுமாக இருந்த அந்த அறைகளில் சாதாரணக் கிதாரின் ஓசை யார் காதிலும் விழவில்லை. எனவே மின்சாரக் கிதார் வந்தது. காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டியிலும் ஓசை எடுபட வேண்டுமே! எர்னஸ்ட் டப் என்ற டெக்சாஸ் பாடகர், ஜூக்பாக்ஸ் வைத்திருந்த ஒருவர் சொன்னதைக் கேட்டே மின்சாரக் கிதாருக்கு மாறினார் என்று சொல்வார்கள். 1941-ல் வந்த அவருடைய பாட்டு இந்தப் பாணிக்கே வழிகாட்டியது.

ஸ்டீல் கிதாரையும் சொல்லவேண்டும். கிடையாக வைத்த நரம்புகளின் மேல் இரும்புத் துண்டை நகர்த்தி வாசிப்பது அது. நம் கோட்டு வாத்தியத்தைக் கேட்டவர்களுக்கு அந்த வழுக்கி வரும் ஓசை புரியும். மனிதர் விம்முவது போலவே இருக்கும். 1954-ல் வெப் பியர்ஸ் பாடிய ஒரு பாட்டில் பட் ஐசக்ஸ் என்பவர் காலால் மிதிக்கும் மிதிகட்டைகளைச் சேர்த்து வாசித்தார். அதன் பிறகு பெடல் ஸ்டீல் இல்லாத ஹாங்கி டாங்க் பாட்டை நினைத்தும் பார்க்க முடியவில்லை.

அதற்கு முந்திய கன்ட்ரிப் பாட்டுகளில் தாய், பிறந்த வீடு, மலைச்சரிவு, கோவில் ஆகியவை நிறைய வரும். ஹாங்கி டாங்க் பாடியதோ அந்த வீட்டைவிட்டு வந்தவனின் கதையை. சம்பளம் முழுவதும் போயிற்று, மனைவி கதவைத் தாழிட்டுவிட்டாள், தவறு என்னுடையதே என்று ஓர் ஆண்மகன் நாலு பேர் நடுவில் ஒப்புக்கொண்டு பாடினான். இது எனக்கு மிகப் பெரிய செய்தியாகப் படுகிறது. வீட்டில் ஒப்புக்கொள்ளாததைப் பாட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறார்களே!

இவர்களில் தலையாயவர் ஹேங்க் வில்லியம்ஸ். 1923-ல் அலபாமாவில் பிறந்தவர். சிறுவனாயிருந்தபோது இவருக்குக் கிதாரும் பாட்டும் கற்பித்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப் பாடகர். 1949-ல் நாஷ்வில் நகரின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி மேடையில் முதன்முதலாகப் பாடிப் பெரும்புகழ் பெற்றார். 1952-ல் குடியின் காரணமாக அதே மேடையிலிருந்து நீக்கப்பட்டார். 1953 ஜனவரி முதல் நாள், கச்சேரிக்குப் போகும் வழியில், காரின் பின் இருக்கையில் இறந்து கிடந்தார். வயது 29. பிறவியிலேயே முதுகெலும்பில் குறை இருந்ததால் வாழ்நாளெல்லாம் வலியோடு இருந்தவர் அவர். சனி இரவு மதுக்கூடத்துக்குப் பாட்டு எழுதிய அதே கைதான் ஞாயிறு காலைக்குரிய பக்திப் பாட்டுகளையும் எழுதியது. இரண்டும் பொய் இல்லை என்பதே அவருடைய பெருமை. சொற்களோ மிகவும் எளியவை. எட்டாம் வகுப்பு ஆங்கிலம் தெரிந்தால் போதும்.

இனி வழக்குக்கு வருவோம். "இப்போதைய கன்ட்ரியில் டிரம் அதிகம், மின்சாரம் அதிகம், வெளியார் இசை கலந்துவிட்டது, தூய்மை போய்விட்டது" என்று பழமை விரும்பிகள் குற்றம் சாட்டுகிறார்கள். தூய்மை எப்போது இருந்தது என்று நான் கேட்கிறேன். அவர்கள் உருகும் ஸ்டீல் கிதார் ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. ஹேங்க் வில்லியம்ஸின் குரு கறுப்பினத்தவர். மின்சாரக் கிதாரை அன்றைய பெரியவர்கள் இரைச்சல் என்றே நினைத்தார்கள். ஆப்ரி மேடையில் டிரம்முக்கு நெடுங்காலம் இடம் கொடுக்கவே இல்லை. ஆக, ஹாங்கி டாங்க் தானும் ஒரு காலத்தில் புதிதாக வந்து ஏச்சு வாங்கியதுதான்.

இன்னொரு வேடிக்கை. நம் நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் 'பழைய இங்கிலீஷ் பாட்டு' என்றாலே ஜிம் ரீவ்ஸ்தான். 1963-ல் வந்த அவருடைய கிறிஸ்துமஸ் இசைத்தட்டு ஒலிக்காத டிசம்பர் எங்கள் வீட்டில் கிடையாது. இலங்கையிலும் அவருக்கு அப்படியே மதிப்பு. ஆனால் அமெரிக்காவில் ஜிம் ரீவ்ஸ் யார் தெரியுமா? ஹாங்கி டாங்க்கை ஒதுக்கிவிட்டு வந்த 'புது' பாணியின் நாயகர்! ராக் அண்ட் ரோல் வந்து கன்ட்ரி இசைத்தட்டு விற்பனையை அடித்துப்போட்டபோது, செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்ற தயாரிப்பாளர்கள் பிடிலையும் ஸ்டீல் கிதாரையும் குறைத்து, வயலின் கூட்டமும் பின்னணிக் குரல்களும் சேர்த்து மென்மையாக்கினார்கள். 'நாஷ்வில் ஒலி' என்று அதற்குப் பெயர். அது என்ன ஒலி என்று கேட்டவர்களுக்கு அட்கின்ஸ் தம் சட்டைப்பையிலிருந்த சில்லறையைக் குலுக்கிக் காட்டினார் என்பார்கள். துள்ளலான பாட்டுகள் பாடிக்கொண்டிருந்த ரீவ்ஸும் 1957-ல் ஒலிவாங்கிக்கு மிக அருகில் நின்று தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கினார். பழமை விரும்பிகளுக்கு அன்று அது பிடிக்கவில்லை. எங்கள் தாத்தாவிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்.

1974-ல் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒலிவியா நியூட்டன்-ஜான் கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடகி பரிசைப் பெற்றதும், பழைய பாடகர்கள் கோபித்துக்கொண்டு ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் இருவரின் வீட்டில் கூடித் தனிச் சங்கமே அமைத்தார்கள். அடுத்த ஆண்டு, ஜான் டென்வருக்கு முதற்பரிசு என்று எழுதியிருந்த சீட்டை மேடையிலேயே தீக்கொளுத்தினார் சார்லி ரிச். அவருடைய பாட்டுகளே நல்ல வழவழப்பானவை, அது வேறு விஷயம்! இப்படி ஒவ்வொரு பத்தாண்டிலும் யாராவது ஒருவர் கன்ட்ரி இசை செத்துவிட்டதாக அழுதுகொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

அப்படியானால் ஏக்கம் முழுவதும் வீணா? இல்லை. இன்றைய பாட்டுகளில் உண்மையாகவே ஒன்று தொலைந்திருக்கிறது. 2012-ல் வெளிவந்த 'குரூஸ்' என்ற பாட்டு பில்போர்டு கன்ட்ரிப் பட்டியலில் 24 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதைப் போலவே ஏராளமான பாட்டுகள் தொடர்ந்தன. 2013-ல் ஒரு விமர்சகர் இவற்றுக்கு 'ப்ரோ கன்ட்ரி' என்று பெயர் வைத்தார். ஒரு டிரக் வண்டி, மண் சாலை, ஆற்றங்கரை, குளிர்ந்த பீர், வெள்ளிக்கிழமை இரவு, பக்கத்தில் ஓர் அழகான பெண். இவ்வளவே சரக்கு. 2014-ல் ஒரு பாடலாசிரியர் புகழ்பெற்ற ஆறு பாட்டுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஒலிக்கவிட்டார். ஆறும் ஒரே பாட்டு போலப் பொருந்தின! நானும் கேட்டேன். சிரிப்பு வந்தது, பிறகு வருத்தமாகவும் இருந்தது.

அந்தப் பாட்டுகளிலும் குடி இருக்கிறது. பழைய பாட்டுகளிலும் குடி இருந்தது. பழைய பாட்டில் மறுநாள் காலையும் இருந்தது. தலைவலி, வெறுங்கை, வெட்கம், அழும் குழந்தை எல்லாம் இருந்தன. புதிய பாட்டில் விடிவதே இல்லை. எப்போதும் வெள்ளிக்கிழமை இரவுதான். நம்மைப் போன்ற வயதினருக்கு எது அதிகக் கெடுதல் என்று பெற்றோர் எண்ணிப் பார்க்கட்டும்.

அந்த டிரக்கில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் வருகிறேன். அவளுக்குப் பெயர் இல்லை. அவள் ஒரு வார்த்தை பேசுவதும் இல்லை. ஏங்குபவர்கள் இதைப் பற்றி ஏனோ அதிகம் பேசுவதில்லை. எனக்கோ இதுவே முக்கியம்.

1952-ல் ஹேங்க் தாம்சன் என்பவர், தன்னை விட்டுவிட்டுக் கூடங்களின் வாழ்க்கைக்குப் போன பெண்ணைப் பழித்து ஒரு பாட்டுப் பாடினார். பதினைந்து வாரம் முதலிடம். அதே மெட்டில், அதே ஆண்டில், கிட்டி வெல்ஸ் என்ற பெண்மணி எதிர்ப்பாட்டு பாடினார். அத்தகைய பெண்கள் அப்படி ஆனதற்கு ஆண்டவனைக் காரணம் காட்டாதீர்கள், மணமாகியும் மணமாகாதவர் போல் திரியும் ஆண்களைக் கேளுங்கள் என்பது அதன் கருத்து. எழுதியவர் ஜே. டி. மில்லர் என்ற ஆண் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வெல்ஸுக்கு அப்போது வயது 32, மூன்று குழந்தைகளின் தாய். பாடுவதையே விட்டுவிடலாமென்று எண்ணியிருந்த அவர், பதிவுக்குக் கிடைக்கும் 125 டாலருக்காகவே பாடப் போனார். வானொலியினர் சிலர் ஒலிபரப்ப மறுத்தனர். அப்படியிருந்தும் பில்போர்டு கன்ட்ரிப் பட்டியலில் தனியாகப் பாடி முதலிடம் பெற்ற முதற்பெண் ஆனார்.

அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர் லொரெட்டா லின். கென்டக்கி மலைப்பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். 1948-ல் அவருக்குத் திருமணம் ஆனபோது வயது பதினைந்து. எனக்கும் பதினைந்துதான். இதை எழுதும்போது பேனா சற்று நின்றுவிட்டது. நான்கு குழந்தைகள் பிறந்த பிறகு, கணவர் வாங்கித் தந்த மலிவான கிதாரில் தாமே பழகி, 1960-ல் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். ஹாங்கி டாங்க்கில் அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது அது. கணவரும் அவரும் காரில் ஊர் ஊராகச் சென்று வானொலி நிலையங்களின் கதவைத் தட்டினார்கள். 1967-ல் முதலிடம் பெற்ற அவருடைய பாட்டு, குடித்துவிட்டு வீட்டுக்கு வரும் கணவனை வாசலிலேயே நிறுத்தி வைப்பது. அவர் கணவருக்கு அந்தப் பழக்கம் உண்டு என்பது ஊரறிந்த செய்தி. அவர் 2022 அக்டோபரில் 90-வது வயதில் மறைந்தார்.

என்னைக் கேட்டால் பழைய ஹாங்கி டாங்க்கின் சிறப்பு இதுவே. ஆண் பழித்தால் பெண் பதில் சொல்லலாம். அந்தப் பதிலும் அதே ஜூக்பாக்ஸில் அடுத்த காசுக்கு ஒலிக்கும்.

ஸ்டீல் கிதார் இன்று மெல்லத் திரும்பி வருகிறது. ஜாக் டாப் போன்ற இளைஞர்கள் பழைய பாணியிலேயே பாடிக் கூட்டம் சேர்க்கிறார்கள். மகிழ்ச்சிதான். எனினும் வாத்தியம் மட்டும் வந்தால் எனக்குப் போதாது. 2014-ல், இருபது வயது நிரம்பாத மேடி, டே என்ற இரு பெண்கள், கன்ட்ரிப் பாட்டில் வரும் பெண்ணின் நிலையைக் கிண்டல் செய்து ஒரு பாட்டுப் பாடினார்கள். கிட்டி வெல்ஸின் வழி வந்த எதிர்ப்பாட்டு அது. அந்த ஆண்டு முடிவதற்குள் வானொலிப் பட்டியலில் முதலிடமும் பெற்றது. சுமார் ஐந்து மாதம் கழித்து, 2015 மே மாதத்தில், வானொலி ஆலோசகர் ஒருவர் நிலையங்களுக்குப் புத்திமதி சொன்னார். பெண்கள் பாட்டை அதிகம் போடாதீர்கள், ஆண்கள்தாம் சாலட்டின் கீரை, பெண்கள் அதன் மேல் தூவும் தக்காளி என்ற பொருளில்! காய்கறிக் கடையில்கூடத் தக்காளிக்கு இதைவிட மரியாதை உண்டு.

மேடியும் டேயும் பாடி வந்த இசைத்தட்டு நிறுவனம் 2017-ல் மூடப்பட்டது. வேறு நிறுவனத்துக்குப் போய் மீண்டும் தொடங்கினார்கள். 2020-ல் மறுபடி முதலிடம் பெற்றார்கள். இம்முறை அவர்கள் பாடியது கேலிப் பாட்டு அன்று. மனம் உடைந்த ஒரு பெண், வெகுநாளாகப் பேசாத தாயைத் தொலைபேசியில் அழைத்துக் கேள்வி கேட்கும் பாட்டு அது.